மஞ்சளும் நீலமும் புள்ளியாக வைத்தால் ஏன் தேயிலை மலை பச்சையாகவில்லை?

கேள்வி அட்டன் பக்கத்திலிருந்து உயர்தரத்துக்குச் சித்திரம் படிக்கும் ஒரு தங்கச்சியுடையது. சுருக்கம் இதுதான்: “புள்ளிகளால் வண்ணம் தீட்டும் முறையில் ஒரு தேயிலை மலை கீறினேன். டிமை தாள், போஸ்டர் கலர், காது துடைக்கும் பஞ்சுக் குச்சி. மஞ்சள் புள்ளியும் நீலப் புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தூரத்தில் நின்று பார்க்கும்போது பச்சையாகத் தெரியும் என்று படித்துவிட்டு அப்படியே வைத்தேன். வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து பார்த்தாலும் புள்ளி புள்ளியாகத்தான் தெரிகிறது. பச்சையே இல்லை, மண் அப்பின மாதிரி இருக்கிறது. எங்கே பிழை?”

பிழை உங்கள் கையில் இல்லை தங்கச்சி, நீங்கள் படித்த அந்த வரியில்தான். பல பாடக் குறிப்புகளில் அந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. மஞ்சள் மையையும் நீல மையையும் தட்டில் குழைத்தால் பச்சை வரும், அது உண்மை. பக்கத்தில் பக்கத்தில் புள்ளியாக வைத்தால் வராது. இரண்டும் வேறு வேறு சங்கதி.

குழைக்கும்போது நடப்பது கழித்தல். வெளிச்சத்தில் உள்ள நீலத்தை மஞ்சள் மை விழுங்குகிறது, சிவப்பை நீல மை விழுங்குகிறது. இரண்டுக்கும் தப்பி வெளியே வருவது பச்சை மட்டும். புள்ளிகளில் அப்படி ஒன்றையொன்று விழுங்குவது கிடையாது. மஞ்சள் புள்ளி தன் வெளிச்சத்தை அனுப்பும், நீலப் புள்ளி தன்னுடையதை அனுப்பும், கண் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கும். மஞ்சளும் நீலமும் ஏறத்தாழ எதிர் நிறங்கள், அதாவது நிற வட்டத்தில் எதிரெதிரே இருப்பவை என்பதால் அந்தச் சராசரி மணல் நிறமாகவோ சாம்பலாகவோதான் முடியும். நீங்கள் சொன்ன “மண் அப்பின மாதிரி” சரியான வர்ணனை.

நம்பிக்கை வராவிட்டால் ஐந்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். பழைய கொப்பி அட்டையில் எட்டு சென்ரிமீற்றர் அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டுங்கள். பாதிக்கு மஞ்சள், பாதிக்கு அல்ட்ராமரின் நீலம் பூசிக் காயவிடுங்கள். நடுவில் ஒரு தீக்குச்சியைக் குத்திப் பம்பரம்போலச் சுழற்றுங்கள். காய்ந்த புல்லின் நிறம் மாதிரி ஒன்று தெரியும். நீலத்தின் பங்கைக் கூட்டினால் சாம்பலாகும். எந்த விகிதத்தில் வைத்தாலும் தேயிலைப் பச்சை வராது. எலுமிச்சை மஞ்சளோடு பச்சை சாய்ந்த வான நீலத்தை வைத்தால் கொஞ்சம் பச்சைச் சாயல் எட்டிப் பார்க்கும், அதுவும் மங்கலாக.

அப்படியானால் பத்திரிகையில் அச்சடிக்கும் பச்சை எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். அச்சு மை ஒளி ஊடுருவும் மை. மஞ்சள் புள்ளியின் மேல் நீலப் புள்ளி ஏறி உட்காரும் இடத்தில் கழித்தல் நடந்து பச்சை பிறக்கிறது. போஸ்டர் கலர் மூடும் மை, அடியில் இருப்பதை மறைத்துவிடும். ஃபெல்ட் பேனையால் புள்ளி வைத்தால் கதை மாறும்: அது ஊடுருவும் மை என்பதால் ஒன்றின் மேல் ஒன்று வைக்கிற இடங்களில் பச்சை வரும். எந்த மையோடு வேலை செய்கிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இந்த முறையைத் தொடங்கிவைத்த ஓவியர் ஜோர்ஜ் சூராவும் பச்சையைப் பச்சையாகத்தான் வைத்தார். ‘லா கிராண்ட் ஜாட் தீவில் ஒரு ஞாயிறு பிற்பகல்’ என்ற அவருடைய படம் ஏறத்தாழ 2 மீற்றர் உயரம், 3 மீற்றர் அகலம். 1884இல் தொடங்கி 1886இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். இப்போது சிக்காகோவில் இருக்கிறது. அதில் புல்வெளியின் வெயில் பக்கத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் மஞ்சள் சாய்ந்த பச்சைக் கீற்றுகள், இடையிடையே செம்மஞ்சள் புள்ளிகள். நிழல் பக்கத்தில் நீலம் சாய்ந்த பச்சை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அவர் வெள்ளைக் கன்வஸில் நேரே புள்ளி வைக்கத் தொடங்கவில்லை. முதல் கட்டத்தில் சாதாரண தூரிகைக் கீற்றுகளால் படம் முழுவதையும் தீட்டினார். புள்ளிகள் 1885–86இல் அதன் மேல் ஏறியவை. உங்கள் படத்தின் இரண்டாவது சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மில்லிமீற்றர் அகலப் புள்ளிகளை, ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 2.5 மில்லிமீற்றர் இருக்கும்படி வைத்தால், தாளில் பாதியைத்தான் மை மூடும். மற்றப் பாதி வெறும் தாள். கண் சராசரி எடுக்கும்போது அந்த வெள்ளையையும் சேர்த்துத்தான் எடுக்கும். அதனால்தான் எவ்வளவு நல்ல நிறம் வைத்தாலும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளிறிப் போகிறது. வெள்ளைத் தாள் தேவைப்படுவது வானத்துக்கும் பனிமூட்டத்துக்கும் மட்டும். மற்ற இடங்களில் அடிப்பூச்சு கட்டாயம்.

மூன்றாவது, தூரம். சாதாரணக் கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறிய முடியும். ஒரு மீற்றர் தள்ளி நின்றால் அது 0.3 மில்லிமீற்றர். இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி கண்ணில் கரைய ஏழு மீற்றர் வேண்டும். உங்கள் பஞ்சுக் குச்சிப் புள்ளிகள் ஆறு மில்லிமீற்றர் இடைவெளியில் இருந்தால் இருபது மீற்றர்! கடைசி வாங்கு போதாது, விளையாட்டு மைதானத்துக்குத்தான் போக வேண்டும். பன்னிரண்டடி நீள லயக் காம்பராவின் ஒரு சுவரில் மாட்டி எதிர்ச் சுவரோரம் நின்று பார்க்கிற படம் என்றால், புள்ளிகள் ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் இருந்தால்தான் முழுக்கக் கரையும்.

ஆனால் முழுக்கக் கரைவதுதான் குறிக்கோள் என்று நினைக்க வேண்டாம். முழுக்கக் கரைந்தால் தெரிவது ஒரே தட்டையான நிறம்தான்; அந்த நிறத்தையே தட்டில் குழைத்துப் பூசிவிடலாம், இவ்வளவு பாடுபடவும் தேவையில்லை. கரைந்தும் கரையாமலும் ஒரு மினுமினுப்பு தெரிகிற தூரம் ஒன்று இருக்கிறது. படத்தின் உயிர் அங்கேதான். மயில்கழுத்துப் பட்டுச் சேலையை நினைத்துப் பாருங்கள்: ஊடும் பாவும் நீலமும் பச்சையும். எட்ட நின்றால் ஒரே நிறம்தான், ஆனால் சும்மா நீலச்சாயம் தோய்த்த துணியில் இல்லாத ஒரு துடிப்பு அதில் இருக்கும். நீலமும் பச்சையும் நிற வட்டத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர் என்பதால் அது துடிக்கிறது. சிவப்பு ஊடும் பச்சைப் பாவும் போட்டால் எட்டத்தில் தவிட்டு நிறத்துக்குப் போகும். புள்ளி வேலையின் முழு விதியும் இந்தச் சேலையில் இருக்கிறது: நிறம் பளிச்சென்று இருக்க வேண்டுமானால் அயல் நிறங்களைக் கலந்து வைக்க வேண்டும், அடங்க வேண்டுமானால் எதிர் நிறத்தைத் தூவ வேண்டும்.

இந்த எதிர் நிற விவகாரத்தை ஒழுங்காக எழுதி வைத்தவரும் நெசவோடு சம்பந்தப்பட்டவர்தான். பாரிஸின் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த இரசாயனவியலாளர் செவ்ரோல். கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று முறைப்பாடு வந்தது. சாயத்தை ஆராய்ந்தால் அதில் குறையில்லை. பக்கத்தில் இருந்த நீல, ஊதா நூல்கள்தான் கறுப்பின் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டியிருக்கின்றன. 1839இல் அவர் இதை நூலாகவே வெளியிட்டார். சூரா அதைக் கற்றுத்தான் படத்துக்கு வந்தார்.

சரி, மலைக்கு வருவோம்.

தாள்: டிமை தாள் ஈரத்துக்கு நெளியும். பிரிஸ்டல் போட் எடுங்கள், ஏ3 அளவு போதும். நான்கு ஓரத்தையும் ஒரு பலகையில் டேப் ஒட்டி இறுக்குங்கள். 2.5 மில்லிமீற்றர் இடைவெளியில் ஏ3 தாள் நிரம்ப ஏறத்தாழ 20,000 புள்ளி வேண்டும். குச்சியை மையில் தொட்டு எடுக்கும் நேரத்தையும் சேர்த்து நிமிடத்துக்கு நாற்பது என்று வைத்தால் எட்டு மணித்தியாலத்துக்கு மேல். ஒரு கிழமைக்குப் பிரித்துச் செய்யுங்கள். மை அவ்வளவு செலவாகாது, வீணாவதோடு சேர்த்தாலும் எல்லா நிறத்துக்கும் மொத்தமாக 30 மில்லிலீற்றர். ஒவ்வொரு கலவையையும் ஒரே தடவையில் போதிய அளவு குழைத்து மூடியுள்ள சின்னக் குப்பியில் வையுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி குழைத்தால் அதே பச்சை ஒருநாளும் திரும்பி வராது. மலையில் ஒட்டுப்போட்ட மாதிரித் தெரியும்.

கருவி: பஞ்சுக் குச்சியை முன்பக்கத்து வாது, கொழுந்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அளவோடு. நடு மலைக்கு மருந்து சுரண்டின தீக்குச்சி, 2 மில்லிமீற்றர் புள்ளி தரும். தூரத்து மலைக்கு விளக்குமாற்று ஈர்க்கின் நுனி, ஒரு மில்லிமீற்றர். தேய்ந்த இரண்டாம் இலக்க வட்டத் தூரிகையும் நல்லது. ஒரு தொட்டலுக்கு மூன்று அல்லது நான்கு புள்ளி மட்டுமே. முதல் புள்ளி பெரிதாகவும் கடைசி சிறிதாகவும் விழும். ஒரே திசையில் வைத்துக்கொண்டு போனால் பெரிது-சிறிது, பெரிது-சிறிது என்று ஒரு வரிசை தெரியத் தொடங்கும். அதனால் கையை அங்குமிங்கும் மாற்றி வையுங்கள்.

மையின் பதம் யோகட் மாதிரி. குச்சியை எடுக்கும்போது புள்ளியின் நடுவில் கூர் எழும்பினால் மை தடிப்பு, ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். புள்ளியைச் சுற்றி வெளிர் வளையம் விழுந்தால் தண்ணீர் கூடிவிட்டது.

இன்னொரு பழக்கமும் கெடுக்கும், அது நம் வீட்டு வாசலில் இருந்து வருவது. கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பழகின கை, தானாகவே நேர் வரிசையும் சம இடைவெளியும் தேடும். கோலத்தில் புள்ளி என்பது கோட்டுக்கு வழிகாட்டி. இங்கே புள்ளியே நிறம். நேர் வரிசையில் வைத்தால் கண் புள்ளிகளைக் கோடாக இணைத்துவிடும், மலைக்குக் குறுக்கே கம்பி வேலி போட்ட மாதிரி இருக்கும். தேயிலைச் செடிகள் மலையின் வளைவைச் சுற்றி நிரை பிடித்துப் போகும்; அந்த வளைவின் போக்கில் புள்ளிகள் போகட்டும், ஆனால் எண்ணி வைத்த மாதிரி இல்லாமல்.

அடிப்பூச்சு: பென்சிலால் மிக மெல்லியதாகக் கீறிவிட்டு, வெயில் படும் மலைக்கு மஞ்சள் காவியும் பச்சையும் கலந்த நீர்த்த பூச்சு. நிழல் மடிப்புகளுக்கு நீலம் சாய்ந்த பச்சை. கவ்வாத்து வெட்டின மலை இருந்தால் அதற்கு ஊதா கலந்த கபிலம். முற்றாகக் காய்ந்த பிறகுதான் புள்ளி.

வெயில் படும் கொழுந்து மலைக்கு இருபது புள்ளிக்கு இப்படி ஒரு அளவு வைத்துத் தொடங்கலாம்: பதினொன்று மஞ்சட்பச்சை, ஐந்து நடுப் பச்சை, இரண்டு எலுமிச்சை மஞ்சள், ஒன்று செம்மஞ்சள், ஒன்று வெளிர் நீலம். மஞ்சட்பச்சை என்றால் எலுமிச்சை மஞ்சள் மூன்று பங்கு, குப்பிப் பச்சை ஒரு பங்கு. செம்மஞ்சள் வெயிலுக்கு, வெளிர் நீலம் வானத்தின் பிரதிபலிப்புக்கு. நிழலுக்கு இருபதில் பத்து கரும்பச்சை, ஆறு அல்ட்ராமரின், மூன்று ஊதா, ஒரே ஒரு சிவப்பு. கரும்பச்சையைக் கறுப்புச் சேர்த்துச் செய்யாதீர்கள். பச்சை இரண்டு பங்குக்கு அல்ட்ராமரின் ஒரு பங்கு போதும். அந்த ஒற்றைச் சிவப்பை இரண்டாக்கிப் பார்த்தால் தெரியும், நிழல் உடனே செத்துப்போகும். எதிர் நிறம் கறிக்கு உப்பு மாதிரி.

ஒரு நேரத்தில் ஒரே நிறம் என்பது இங்கே சட்டமாகவே இருக்கட்டும். கரும்பச்சையைத் தாள் முழுவதும் தேவையான இடமெல்லாம் வைத்து முடித்து, காயவிட்டு, பிறகு நடுப் பச்சை, பிறகு மஞ்சட்பச்சை, கடைசியில் மஞ்சளும் எதிர் நிறமும். ஈரப் புள்ளியோடு ஈரப் புள்ளி ஒட்டினால் இரண்டும் ஓடிக் குழைந்துவிடும், பிறகு அது புள்ளி ஓவியமில்லை. கொழும்பில் பத்து நிமிடத்தில் காய்வது வைகாசிக்கும் புரட்டாசிக்கும் இடையில் மழையும் மூட்டமுமாக இருக்கிற அட்டனில் ஒரு மணித்தியாலம் எடுக்கும். போஸ்டர் கலரில் உள்ள பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சும். காய்ந்த புள்ளிகூட மறுநாள் காலையில் விரலில் ஒட்டலாம். அவசரத்துக்கு அடுப்படியில் கொண்டுபோய் வைக்காதீர்கள், போட் வில்லாக வளையும், புகை மஞ்சளைத்தான் முதலில் கெடுக்கும். அக்ரிலிக் வாங்க முடிந்தால் இந்தத் தொல்லை குறைவு, காய்ந்தால் மறுபடி கரையாது. அதற்கும் ஒரு குளிர் எல்லை உண்டு: பத்துப் பாகை செல்சியசுக்குக் கீழே போனால் மை படலமாக இறுகாமல் தூளாக உதிரக்கூடும். நுவரெலியாவில் தை மாத விடியற்காலையில் வேலை செய்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பகல் வெளிச்சத்தில், வாசலோரம் இருந்து செய்யுங்கள். மஞ்சள் குண்டு பல்பின் கீழ் மஞ்சள் புள்ளி வெள்ளைபோலவும் நீலம் கறுப்புபோலவும் தெரியும். இரவில் “இன்னும் கொஞ்சம் மஞ்சள்” என்று வைத்தது காலையில் பல்லிளிக்கும்.

பனிமூட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். புள்ளி முறைக்கு நம் மலையகம் கொடுக்கிற மிக நல்ல பொருள் அதுதான் என்பது என் எண்ணம். கறுப்பையும் வெள்ளையையும் குழைத்த சாம்பலால் மூட்டம் தீட்டினால் சீமெந்துச் சுவர் மாதிரி நிற்கும். வெளிர் செம்மஞ்சளையும் வெளிர் நீலத்தையும் பாதிக்குப் பாதி புள்ளியாக வையுங்கள். எதிர் நிறங்கள் என்பதால் சராசரி சாம்பல்தான், ஆனால் உள்ளே வெளிச்சம் இருக்கிற சாம்பல். தேயிலை மலையில் உங்களைக் கவிழ்த்த அதே விதி இங்கே உங்களுக்காக வேலை செய்கிறது. ஒரே நிபந்தனை: இரண்டும் ஒரே அளவு வெளிர்மையில் இருக்க வேண்டும். அதைக் கண்ணால் மட்டுக்கட்டுவது கடினம். கைபேசி கமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் படம் எடுத்துப் பாருங்கள். புள்ளிகள் தெரியாமல் மறைந்தால் சரி. மிளகு தூவின மாதிரித் தெரிந்தால் நீலத்தில் இன்னும் வெள்ளை சேர்க்க வேண்டும். சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்கு மேலே எழும் சாரலோ, காசல்ரீ நீர்த்தேக்கத்தின் காலை மூட்டமோ, எதற்கும் இந்த இரண்டு குப்பி போதும்; தூரத்து மலை விளிம்புக்கு மட்டும் கொஞ்சம் வெளிர் ஊதா.

கொழுந்து பறிக்கிற பெண்களை வைப்பதானால், ஏ3 தாளில் ஒருத்தியின் முகம் ஒரு சென்ரிமீற்றர் இருக்கும். 2 மில்லிமீற்றர் புள்ளியில் அது குறுக்கே ஐந்து புள்ளி. ஐந்து புள்ளியில் கண் மூக்கு வைக்க முடியாது, முயற்சி செய்தால் அம்மை போட்ட முகமாகிவிடும். வெயில் பக்கம் செம்மஞ்சட் கபிலம் மூன்று, நிழல் பக்கம் கருஞ்சிவப்பும் ஊதாவும் ஆக இரண்டு. ஆளைக் காட்டிக்கொடுப்பது முகமில்லை, குனிந்த முதுகும் நெற்றியில் தொங்கும் கூடைக் கயிறும் இடுப்புப் படங்கும்தான். சுற்றிலும் பச்சை என்பதால் ஒரு சிவப்புச் சட்டையின் பத்துப் புள்ளி படம் முழுவதையும் இழுத்துப் பிடிக்கும். இரண்டு பெண்களை வைத்தால் இருவருக்குமே சிவப்புப் போடாதீர்கள்.

பரீட்சைக்கு இந்த முறை பொருந்துமா என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்று மணித்தியாலம் கிடைக்கிறது என்று வைத்தால்கூட ஏழாயிரம் புள்ளிக்கு மேல் வராது, ஏ3 தாளில் மூன்றில் ஒரு பங்கு. முழுப் படத்துக்கும் வேண்டாம். பூச்சுக் கீற்றுகளால் தீட்டிவிட்டு, வெயில் விழும் ஒரு பகுதிக்கு மட்டும் புள்ளி வையுங்கள். கமில் பிசாரோ போன்ற அனுபவசாலி ஓவியரே சில வருடம் இந்த முறையில் வேலை செய்துவிட்டு, மிக மெதுவாக நகர்கிறது என்று கைவிட்டார். சூராவின் தோழரான ஓவியர் சின்யாக்கின் பிற்காலப் படங்களில் புள்ளி நகக்கண் அளவுச் சதுரக் கீற்றாகவே வளர்ந்துவிட்டது. நிறங்களைப் பிரித்து வைப்பதுதான் முறை, புள்ளி வெறும் கருவி என்பது அவருடைய நிலைப்பாடு. விடைத்தாளில் இந்த வித்தியாசத்தை எழுதினால் நல்லது.

மஞ்சளை வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். லா கிராண்ட் ஜாட் படத்திலேயே சூரா பயன்படுத்திய சிங்க் மஞ்சள் சில வருடங்களில் காவி நிறத்துக்குத் திரும்பிவிட்டது; வெயில் புல்லில் இருந்த பளபளப்பில் ஒரு பங்கு அப்படியே போனது. இன்றைய போஸ்டர் கலர்களில் அந்த மஞ்சள் பிரச்சினை இல்லை, ஆனால் ஃப்ளோரசென்ட் நிறங்கள் சன்னலோரம் சில மாதத்திலேயே வெளிறும். அவற்றைத் தொடாதீர்கள்.

முடிந்த படத்துக்குத் தூரிகையால் வார்னிஷ் பூசினால் போஸ்டர் கலர் கரைந்து இழுபடலாம். கண்ணாடிச் சட்டம் போடுவதே மேல். அப்போது கண்ணாடி புள்ளிகளைத் தொடக்கூடாது. ஓரத்தில் இரண்டு மில்லிமீற்றர் தடித்த அட்டைச் சட்டகம் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் வியர்த்து, மை கண்ணாடியில் ஒட்டி, அடுத்த வருடம் திறக்கும்போது பாதி மலை கண்ணாடியோடு வரும். வெளிச்சுவரில் மாட்டவும் வேண்டாம். லயத்துச் சுவரின் ஈரம் பின்பக்கமாக ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும், அது முதலில் மஞ்சட்பச்சைப் புள்ளிகளில் கறுப்புப் பொட்டாகத்தான் கண்ணில் படும்.